தரிசில் எண்ணெய் கண்ட மகான்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஆறுமுகநேரி ரெண்டு நிமிஷத்து ஊர். உப்புக் குவியல், சாகுபுரம் ஆலையின் புகைபோக்கி, சீமை உடைக் காடு, ஊடே நாலு பனை. பக்தர்கள் இதைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் பத்து நிமிஷத்தில் முருகன்’ என்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சரித்திரத்தில் வேறொரு சாதி மனிதர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த வெயிலையும் உப்புக்காற்றையும் பொட்டல் காட்டையும் பார்த்தாலே புல்லரித்துவிடும். “இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே, இங்கே எரிபொருள் விளைவித்தால் என்ன?” என்பார்கள். சொன்ன கையோடு ஒரு செடிக்கு மாலை போட்டு அழைத்து வருவார்கள். கமிட்டி போடுவார்கள், கன்று நடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். செடி ரெண்டு மழை பார்க்கும். மகான் மாற்றலாகிப் போய்விடுவார்.

முடிவை ஒளித்து வைத்துக் கதை சொல்ல இது துப்பறியும் நாவல் அல்ல. செடி, பாசி, நுண்ணுயிர் என்று எரிபொருளுக்காகத் தாம்பாளம் வைத்து அழைக்கப்பட்டவற்றில் அநேகம் தென்பாண்டிக் கரையில் குடித்தனம் நடத்தவில்லை. நடத்தியவை ரெண்டே ரெண்டு. ஒன்றைச் சட்டம் போட்டுத் தடுத்தோம். இன்னொன்றின் மேல் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டோம். இனி விவரம்.

புல் தின்னும் வண்டிக்குக் கறிச்சோறு

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயலுக்கு வந்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி இருந்த அந்தத் துறைமுகம் ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில்தான். ஊரார் எந்நேரமும் வெற்றிலை மென்றுகொண்டிருப்பதை அவர் குறித்து வைத்தார். அது இன்றைக்கும் திருத்தம் தேவைப்படாத குறிப்பு. இன்னொன்றும் குறித்தார்: குதிரை.

குதிரையை இந்தக் கட்டுரையில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் யோசித்துப் பாருங்கள். புல்லைப் போட்டால் ஓடும். புகை விடாது. கழிவு வயலுக்கு உரம், அந்த உரத்தில் மறுபடி புல். இப்படி ஒரு எஞ்சினை இன்றைக்கு எந்தக் கருத்தரங்கில் காட்டினாலும் முதல் பரிசு நிச்சயம்.

பாண்டியர்களுக்கு இந்த எஞ்சின் மேல் தீராத மோகம். வருஷத்துக்கு 10,000 குதிரைகள், தலைக்கு 220 பொன் தினார் என்று வஸ்ஸாஃப் என்ற பாரசீகர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். மொத்தம் 22 லட்சம் தினார். கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்து பணம் போயிற்று என்றும் அவரே சொல்கிறார். முத்துக் குளித்தவன் மூச்சடக்கிக் கொண்டுவந்ததெல்லாம் அரபுக் கப்பலில் ஏறியது. கப்பலிலிருந்து குதிரை இறங்கியது.

இறங்கிய குதிரைக்கு நம் ஆட்கள் என்ன போட்டார்கள்? வேகவைத்த கறியும் சோறும். மார்க்கோ போலோ தலையில் அடித்துக்கொண்டு எழுதுகிறார். விருந்தாளிக்குக் கறிச்சோறு போடுவது தென்பாண்டி மரபு, சரி. ஆனால் விருந்தாளி புல் தின்னும் இனம் என்பதை யாராவது அரண்மனையில் சொல்லியிருக்கலாம். குதிரைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆட்களை வியாபாரிகள் கூட்டிவரவும் இல்லை, மற்றவர்கள் வரவும் விடவில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் ஆர்டர்!

வண்டியை விற்று, மெக்கானிக்கை மறைத்து, தப்பான எரிபொருள் போடுவதை வேடிக்கை பார்த்து, மறுபடி வண்டி விற்ற முதல் கம்பெனி இதுதான். உயிரி எரிபொருள் விஷயத்தில் நம் கரை எடுத்த முதல் பாடமும் இதுதான்: எஞ்சினை மட்டும் வாங்கினால் போதாது, அதற்கு என்ன போடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாடம் நடந்தது, பரீட்சைக்கு யாரும் படிக்கவில்லை.

ஜமைக்காவிலிருந்து ஒரு மாப்பிள்ளை

அடுத்த மகான் வெள்ளைக்காரர். பெயர் கர்னல் ரிச்சர்டு ஹென்றி பெடோம். சென்னை மாகாணத்தின் காட்டதிகாரி. பெரணிச் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், தவளையையும் பாம்பையும் பிடித்துப் பெயர் வைத்தவர். தாது வருஷப் பஞ்சம் ஜனங்களைக் கொத்திக்கொண்டிருந்த நேரத்தில், வறண்ட நிலத்தில் விறகு வளர்க்க ஒரு மரம் வேண்டும் என்று இவர் எழுதிக் கேட்டார். 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைத்தார்கள். அதுதான் சீமைக் கருவேலம். எங்கள் பக்கத்தில் சீமை உடை.

“அதெப்படி? அது காமராஜர் ஏரோபிளேனில் தூவின விதையில்லா?” என்று டீக்கடையில் அண்ணாச்சி ஒருவர் கண்டிப்பாகச் சண்டைக்கு வருவார். ராமநாதபுரத்திலிருந்து திருநெல்வேலி வரை எல்லா ஊரிலும் இந்த ஏரோபிளேன் பறந்திருக்கிறது. காமராஜர் பிறந்தது 1903. பிறப்பதற்கு 26 வருஷம் முந்தியே விதை கடப்பைக்கு வந்துவிட்டது. அணை கட்டினார், பள்ளிக்கூடம் திறந்தார், மதிய உணவு போட்டார் என்று அவர் மேல் சொல்ல எவ்வளவோ இருக்க, உடைமுள் குத்தும்போதெல்லாம் அவரை நினைக்கிறது தமிழ்நாடு.

மாப்பிள்ளை வந்த வேகம் அப்படி. நெற்றை ஆடு தின்னும், விதை செரிக்காது, அடுத்த ஊரில் புழுக்கையோடு இறங்கி முளைக்கும். உப்பு மண்ணா, சரி. மழையில்லையா, வேர் ஆழத்துக்குப் போய்த் தானே தேடிக்கொள்ளும். வெட்டினால் நாலாகத் துளிர்க்கும். மானியம் கேட்காது, பூச்சிமருந்து கேட்காது, கண்காணிப்பாளர் கேட்காது. அரசாங்கத் திட்டத்துக்கு ஆகவே ஆகாத குணங்கள்.

கரியில் ஓடிய பஸ்

சீமை உடை வந்த அதே 1877-இல் திருக்குறுங்குடியில் ஒரு பிள்ளை பிறந்தது. பின்னாளில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் என்று பஸ் விட்டுப் பேர் வாங்கியது. மரமும் மனிதரும் பேசி வைத்துக்கொண்டு வரவில்லை. ஆனால் கரி இல்லாமல் ரெண்டு பேர் கதையும் நடக்காது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைய, வெள்ளைக்காரன் ஓடுகிற ஓட்டத்தில் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தானே கொளுத்திவிட்டுப் போனான். நமக்கு எண்ணெய் வந்த வழி அடைந்தது. பஸ் முதலாளிகள் ஷெட்டில் நின்ற வண்டியையும் பூசை மாடத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது, டி.வி.எஸ். கம்பெனி ஒரு கரி கேஸ் பிளாண்ட் செய்து விற்றது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய உருளை. அதில் மரக்கரி.

விஷயம் இவ்வளவுதான்: கரியை நிறையக் காற்று விட்டு எரித்தால் சாம்பல். காற்றை அளந்து விட்டு மூச்சுத் திணற எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அது இன்னும் எரியக் காத்திருக்கும் வாயு. குளிரவைத்து, தூசு வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் செய்கிற வேலையைச் செய்யும். ரொம்ப மெதுவாகச் செய்யும். பாதிக் குதிரைகள் வழியிலேயே செத்த பாண்டியன் படை மாதிரி எஞ்சின் பலம் குறைந்துவிடும்.

அந்தக் காலத்து பஸ் பயணத்தைக் கேட்டறிந்தவர்களுக்குத் தெரியும். விடிகாலையில் கிளீனர் வந்து அடுப்பு மூட்டி, காற்றாடிக் கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்ற வேண்டும். டிரைவர் அதுவரை வேப்பங்குச்சி மென்றுகொண்டிருப்பார். கேஸ் வந்தபின் வண்டி கிளம்பும். மேடு வந்தால் வண்டி நிற்கும். “ஆம்பளையெல்லாம் இறங்குங்க” என்று கண்டக்டர் சொல்வார். டிக்கெட் எடுத்தவனே தள்ளுவான். நடுவழியில் கரி கிளறுவார்கள். ஊர் வந்து சேரும்போது வெள்ளை வேட்டிக்காரனும் கறுப்பு வேட்டிக்காரனும் ஒரே நிறமாக இறங்குவார்கள். சாதி ஒழிப்பில் பஸ்ஸின் பங்கு என்று யாராவது முனைவர் பட்டம் வாங்கலாம்.

ஆனாலும் ஓடியது! தமிழ்நாட்டு ரோட்டில் மரத்திலிருந்து எடுத்த எரிபொருளில், விளம்பரத்துக்கு அல்லாமல் வேலைக்கு, கூட்டம் ஏற்றி, காசு வாங்கி வண்டி ஓடிய காலம் அது. தள்ளுவதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை ஜனங்கள். போர் முடிந்து பெட்ரோல் வந்த அன்றே உருளையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ‘நாமா, கரியிலா?’ என்று முகத்தைத் துடைத்துக்கொண்டோம்.

சுண்ணாம்பு தடவிய சட்டம்

முதலில் சொன்ன ரெண்டில் இன்னொன்றைப் பார்க்கப் பனைக்கு வருவோம். பனஞ்சாற்றின் மதிப்பு தெரிந்த வெள்ளைக்காரனும் இருந்தான். பாரி கம்பெனி குலசேகரப்பட்டினத்தில் கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்க ஆலை வைத்தது. தேரிக்காட்டுக் கருப்பட்டியைச் சுமக்க திசையன்விளையிலிருந்து திருச்செந்தூர் வரை குட்டி ரயிலே விட்டது. 1940-இல் அந்த ரயில் நின்றது. பனை நிற்கவில்லை, அது பாட்டுக்குச் சுரந்துகொண்டிருந்தது.

பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிப்பான சாறு இறங்கும். அதை அப்படியே விட்டால், காற்றில் திரிகிற ஈஸ்ட் என்ற நுண்ணுயிர், அழைப்பிதழ் இல்லாமல் வந்து உட்கார்ந்து, சர்க்கரையைத் தின்று ரெண்டு பொருளாக வெளியே விடும். ஒன்று கார்பன் டை ஆக்சைடு, நுரை. இன்னொன்று எத்தனால். அதாவது கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிவிட்டால் காரத்தன்மையில் ஈஸ்டுக்கு வேலை ஓடாது. அதாவது பதநீர். பதநீருக்குச் சொசைட்டி உண்டு, வாரியம் உண்டு. கள்ளுக்குப் போலீஸ் உண்டு. நாட்டு மருந்துக்கும் குற்றவியல் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்புதான் எல்லை.

இப்போது 1948-க்கு வாருங்கள். ராஜாஜி 1937-இல் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு, 1948 காந்தி ஜெயந்தியன்று சென்னை மாகாணம் முழுக்கப் பரவியது. கலயங்கள் உடைந்தன. அதே 1948-இல் டெல்லியில் இன்னொரு சட்டம் நிறைவேறியது: இந்திய பவர் ஆல்கஹால் சட்டம். கரும்புப் பாகுக் கழிவிலிருந்து ஆல்கஹால் எடுத்துப் பெட்ரோலில் கலந்து வண்டி ஓட்டுவதற்கான சட்டம். ஒரே வருஷம், ஒரே தேசம், ஒரே ரசாயனம். பனையேறி செய்தால் குற்றம். ஆலை செய்தால் தேச வளர்ச்சி.

பவர் ஆல்கஹால் சட்டம் அரை நூற்றாண்டு கோப்பில் தூங்கி 2000-இல் ரத்தானது. மதுவிலக்கு அப்படித் தூங்கவில்லை, குட்டிக்கரணம் போட்டது. 1971-இல் எடுத்தார்கள், 1974-இல் போட்டார்கள், 1981-இல் எடுத்தார்கள், 1983-இல் டாஸ்மாக் கம்பெனி ஆரம்பித்தார்கள், 1987 ஜனவரி முதல் தேதி கள்ளையும் சாராயத்தையும் மறுபடி தடுத்தார்கள், 2003-இல் அரசாங்கமே சில்லறைக் கடை திறந்தது. பாட்டிலில் அடைத்தது வந்தது. கலயத்தில் இறங்கியது மட்டும் வரவே இல்லை.

தண்ணீரில் பெட்ரோல்

1996-இல் ராஜபாளையம் பக்கத்து இடையன்குளத்திலிருந்து ராமர் பிள்ளை கிளம்பினார். மூலிகையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் பெட்ரோல். அவ்வளவுதான் சூத்திரம். ஒருநாள் காலையில் தமிழ்நாடே சவூதி அரேபியா ஆகிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் மலையேறினார்கள். டெல்லி ஐ.ஐ.டி. வரை செய்து காட்டினார். பெரிய படிப்புப் படித்தவர்கள் சிலரும், ‘ஏதோ இருக்கும் போலிருக்கிறதே’ என்றார்கள். மூலிகையின் பெயரைச் சொன்னால் அமெரிக்காக்காரன் திருடிவிடுவான் என்பதால் யாரும் கேட்கவில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் கூடுதல் கண்ணோடு சோதித்தபோது கதை முடிந்தது. முடிந்த பிறகும் அவர் விடவில்லை; எரிபொருள் விற்கத் தொடங்கினார், வண்டிக்காரர்களும் வாங்கினார்கள். தொலுயீன், நாப்தா என்று பெட்ரோலியச் சரக்குகளைக் கலந்து விற்றதாக சி.பி.ஐ. 2000-இல் பிடித்தது. 2016-இல் எழும்பூர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மூலிகை சாட்சி சொல்ல வரவில்லை.

இந்தக் கூத்தில் கேட்க வேண்டிய கேள்வியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கலாம். ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது தண்ணீர். அதாவது தண்ணீர் ஏற்கெனவே எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளியே போன வெப்பம் அத்தனையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பாத்திரமும் ஒரு கட்டு இலையும் கொடுக்காது. அந்த வேலையைச் செய்கிற கடவுள் ஒருவர் உண்டு, மேலே சுட்டுக்கொண்டிருக்கிறார். அவரும் கஞ்சர்தான்: சாதாரணமாக ஒரு வயலில் விழுகிற வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூடப் பயிரின் உடம்பில் முழுசாகச் சேராது.

இந்த ஒரு சதவீதக் கணக்குதான் இதுவரை வந்த, இனி வரப்போகிற எல்லா மகான்களுக்கும் எமன். அதை யாரும் கமிட்டிக்கு அழைப்பதில்லை.

ஆடு தின்னாத அதிசயம்

2003-இல் திட்டக் கமிஷனே மகானாகியது. செடி: காட்டாமணக்கு. எங்கள் பக்கத்தில் இதற்குக் காலங்காலமாக ரெண்டு உத்தியோகம். ஒன்று, வேலிக்கு நிற்பது. இன்னொன்று, இலைக்காம்பை ஒடித்துப் பாலை ஊதிப் பிள்ளைகள் முட்டை விடுவது. ரெண்டையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த செடியைத் திடீரென்று தேசத்தின் எரிபொருள் அமைச்சராக்கினார்கள்.

யோசனையின் பூர்வீகம் நல்லதுதான். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. ருடால்ஃப் டீசலே பின்னாளில் அதைப் பெருமையாகச் சொன்னார். ஆனால் தாளிக்கிற எண்ணெயையே கப்பலில் வாங்குகிற தேசத்தில் கடலை எண்ணெயை லாரிக்கு ஊற்றினால் அடுப்படியில் புரட்சி வெடிக்கும். ஆகவே வாயில் வைக்க முடியாத எண்ணெய் வேண்டும். ஆகவே தரிசில் வளர வேண்டும். ஆகவே ஆடுமாடு தின்னக் கூடாது. ஆகவே காட்டாமணக்கு. எல்லா ஆகவேயும் சரி. ஆடு தின்னாததற்குக் காரணம் செடியில் விஷம் இருப்பது என்பதும், எண்ணெய் எடுத்தபின் புண்ணாக்கும் அதே காரணத்தால் மாட்டுக்கு ஆகாது என்பதும், புண்ணாக்கு விலைபோகாத செக்கு பிழைக்காது என்பதும் அடுத்த ஆகவேக்கள். அவை கமிஷன் காகிதத்தில் அச்சாகவில்லை.

ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நடத் திட்டம். குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் மேடைக்கு மேடை இந்தச் செடியைச் சொன்னார். 2004-இல் பவநகர் உப்பு ஆராய்ச்சி நிலையம் காய்ச்சிய காட்டாமணக்கு டீசலில் பென்ஸ் காரே ஓடியது. 2009 தேசியக் கொள்கை, 2017-க்குள் 20 சதவீதம் கலப்போம் என்றது. தமிழ்நாட்டிலும் கன்று கொடுத்தார்கள், கடன் கொடுத்தார்கள், ‘விதையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்று கம்பெனிகள் சத்தியம் செய்தன.

செடி வளர்ந்தது, காய்க்கத்தான் மனசில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் உயிரோடிருப்பது ஒரு திறமை, தண்ணீர் இல்லாத இடத்தில் எண்ணெய் கொடுப்பது வேறு திறமை. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று நம்பினார்கள். தண்ணீர் பாய்ச்சினால் காய்த்தது. தண்ணீர் பாய்ச்சுகிற நிலத்தில் வாழை போடாமல் காட்டாமணக்குப் போடப் பக்கத்து ஆத்தூர்க்காரனுக்குப் பைத்தியமா? காயும் ஒரே நேரத்தில் பழுக்காது. இன்றைக்கு நாலு, நாளைக்கு மூன்று. பறிக்கப் போனவருக்குக் கொடுத்த கூலி, விதை விலையை முந்தியது.

எண்ணெயை டீசலாக்குவது சுலபம். மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கினால் டீசல் மேலே, கிளிசரின் கீழே. அந்தக் காஸ்டிக் சோடா ஆறுமுகநேரி சாகுபுரத்தில் எங்கள் உப்பிலிருந்தே தயாராகிறது. சோடா தயார், மெத்தனால் தயார், கொள்கை தயார், மேடை தயார். விதைதான் வரவில்லை. 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு ஸ்பைஸ்ஜெட் விமானம், ஒரு எஞ்சினில் 25 சதவீதம் காட்டாமணக்கு எரிபொருளோடு பறந்தது. வானம் வரை போன செடி பிறகு பழையபடி வேலிக்கு வந்து நின்றது. பிள்ளைகள் ஊதாமல் விட்ட முட்டைகள் பாக்கி இருந்தன.

பாத்தியில் பச்சை, பாத்தியில் சிவப்பு

செடி கைவிட்டால் பாசி. வயலே வேண்டாம், உப்புத் தண்ணீர் போதும், சில மணி நேரத்திலேயே இரட்டிக்கும், உடம்பில் எண்ணெய். இந்த மகான்கள் உலகளாவியவர்கள். எக்ஸான் எண்ணெய்க் கம்பெனி 2009-இல் 60 கோடி டாலர் வரை போடுவதாக அறிவித்துப் பாசியில் இறங்கியது. 2023-இல் கையை உதறியது. நம் பக்கத்தில் அதே பவநகர் நிலையம், குளோரெல்லா பாசியை உப்பளத்தில் வளர்த்து, 2012-இல் ஒரு செவர்லே டவேராவை 20 சதவீதப் பாசி டீசலில் ஓட்டிக் காட்டியது.

ஆறுமுகநேரி அளத்தில் இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பாத்தியில் தண்ணீர் செறிந்து உப்பு இறங்கப்போகும் நேரத்தில் இளஞ்சிவப்பாக மாறுவதை வெறுங்காலோடு நிற்கிறவர்கள் எத்தனையோ தலைமுறையாகப் பார்க்கிறார்கள். டுனலியெல்லா என்ற பாசியும் உப்பு விரும்பும் நுண்ணுயிரும் செய்கிற வேலை அது. 1838-இல் டுனால் என்ற பிரெஞ்சுக்காரர் தன் ஊர் உப்பளத்துச் சிவப்புக்கு இந்தப் பாசிதான் காரணம் என்று கண்டுபிடித்தார். பின்னாளில் பாசிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அளத்தில் நின்று கண் கூசி, கால் வெடித்தவர் பெயரை எந்தப் பாசிக்கும் வைக்கவில்லை.

பிரச்சினை பாசியில் இல்லை, தண்ணீரில். திறந்த குளத்தில் ஆயிரம் லிட்டர் தண்ணீரை வடித்தால் காய்ந்த பாசி ஒரு கிலோ தேறினால் அதிர்ஷ்டம். அதில் எண்ணெய் ஒரு பகுதி. வடிக்க மின்சாரம், உலர்த்த வெப்பம், பிழிய இன்னொரு செலவு. ஒரு லிட்டர் எண்ணெயைப் பிடிக்க அதற்குக் கிட்டத்தட்ட ஈடான சக்தியைச் செலவழிப்பது கல்யாண மொய்க்கு வட்டிக்கு வாங்கும் பொருளாதாரம். வெளிநாட்டில் டுனலியெல்லாவை வளர்க்கிற புத்திசாலிகள் அதிலிருந்து எரிபொருள் எடுப்பதில்லை. மாத்திரையிலும் உணவிலும் சேர்க்கிற பீட்டா கரோட்டின் நிறமியை எடுத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

கடல்பாசியும் வந்தது. மண்டபம் பக்கம் பெப்சி கம்பெனி வளர்க்கச் சொன்ன காப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசிக்குப் பெண்கள் ‘பெப்சி பாசி’ என்றே பெயர் வைத்தார்கள். ஜெல்லிக்கும் பயிருக்குத் தெளிக்கும் சாறுக்கும் ஆனது. எத்தனால் எடுக்கவும் விஞ்ஞானிகள் வழி கண்டார்கள். நடுவே குருசடைத் தீவுப் பவளப்பாறை மேல் அது ஏறிப் படர்ந்து வேறு தொல்லை கொடுத்தது. மாலை போட்டு அழைத்த மாப்பிள்ளை வீட்டை எழுதி வாங்கப் பார்த்த கதை.

குற்றவாளிக் கூண்டில் ஒரு மரம்

இத்தனை மகான்களும் வந்து போன காலமெல்லாம் அடுப்பு எதில் எரிந்தது? சீமை உடையில். விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் போனால் கரிமூட்டம் இன்றைக்கும் புகைகிறது. விறகை அடுக்கி, மண் பூசி மூடி, காற்றை அளந்து விட்டு நாள்கணக்கில் வேகவைக்கும் வித்தை. நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி. மழை பொய்த்த கரிசல் காட்டில் வருஷம் தவறாத விளைச்சல் அது ஒன்றுதான். அனல் மின்நிலையம் வைத்தவர்களும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் இந்த மரத்தை நம்பித்தான் கொதிகலன் வைத்தார்கள்.

மரம் யோக்கியம் என்று வக்காலத்து வாங்கவில்லை. கண்மாயை அடைத்தது, ஓடையை மறித்தது, நாட்டு மரத்தை முளைக்கவிடவில்லை. வைகோ வழக்குப் போட்டார். 2017-இல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை, வேரோடு பிடுங்கு என்று மாவட்டம் மாவட்டமாக விரட்டியது. ஊரே ஜேசிபியோடு கிளம்பியது. அதே ஆண்டில் இன்னொரு அமர்வு, கொஞ்சம் பொறு என்று இடைக்காலத் தடை போட்டது. 2022-இல் அரசாங்கம் அந்நியத் தாவரங்களை ஒழிக்கத் தனிக் கொள்கையே வெளியிட்டது. வக்கீல் வைத்துக்கொள்ளாத ஒரே எதிரி அந்த மரம்தான். தீர்ப்பு வந்த ஜோரில் வெட்டியதெல்லாம் அடுத்த மழைக்குத் துளிர்த்தது.

இதில் சிரிக்கவேண்டியது எதுவென்றால், மகான்கள் கேட்ட எரிபொருள் செடியின் இலக்கணம் முழுக்க இந்த மரத்துக்கு இருந்தது: தரிசு, உப்பு மண், மழையின்மை, மனித உணவோடு போட்டியின்மை. ஒரே குறை, யாரும் அடிக்கல் நாட்டவில்லை. கண்மாய்க்குள் இருப்பதை வெட்டி எரிப்பதும் ஒழிப்பதும் ஒரே வேலைதான் என்று கரிமூட்டக்காரர் நூறு தடவை சொல்லியிருப்பார். அவரைக் கருத்தரங்குக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் சட்டையில் கரி என்று வாசலில் நிறுத்தியிருப்பார்கள்.

ஈஸ்ட் கதை இன்னும் ருசி. 2014-இல் பெட்ரோலில் ஒன்றரை சதவீதம் இருந்த எத்தனால் 2025-இல் 20 சதவீதம் ஆகிவிட்டது. கரும்பு, மக்காச்சோளம், குருணை அரிசி எல்லாம் டாங்குக்குப் போகின்றன. சோற்றுக்குப் போகிற அரிசியை வண்டி குடிக்கிறது என்று பொருளாதார நிபுணர்களும், மைலேஜ் குறைகிறது என்று பழைய பைக் வைத்திருப்பவர்களும் புலம்புகிறார்கள். அதே 2025 ஜூனில் திருச்செந்தூர் வட்டாரப் பெரியதாழையில் சீமான் பனையேறிக் கள் இறக்கிப் போராட்டம் நடத்தினார். மனிதர் குடித்தால் வழக்கு, வண்டி குடித்தால் கொள்கை. ஆறுமுகநேரியில் ஒரு பனையேறி தன் பைக்குக்குப் போட்ட பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால்; அதே எத்தனால் கலயத்தில் நூற்றில் ஐந்து இருந்தால் அவர் ஸ்டேஷனில் உட்கார வேண்டும்.

மகான்கள் ஓய்ந்துவிடவில்லை. அடுத்த செடி, அடுத்த பாசி, அடுத்த பாக்டீரியா ஏதோ ஒரு ஆய்வகத்தில் மாலைக்குக் காத்திருக்கிறது. அவற்றில் ஒன்றிரண்டு உண்மையிலேயே விளங்கவும் செய்யலாம். விஞ்ஞானத்தின் மேல் நமக்குக் கோபம் இல்லை. ஆகவே உங்கள் ஊர்த் தரிசைக் காட்டி யாராவது எண்ணெய் கதை சொன்னால் விரட்டாதீர்கள், உட்காரவைத்து டீ கொடுங்கள். கொடுத்துவிட்டு நாலு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து? பறிக்கக் கூலி எவ்வளவு? புண்ணாக்கை என்ன செய்வீர்கள்? போட்ட சக்தியைவிட எடுக்கிற சக்தி அதிகமா? நாலுக்கும் பதில் சொல்லிவிட்டால் நிலத்தைக் கொடுங்கள். ‘அதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்’ என்று சொன்னால் டீக்குக் காசு வாங்கிக்கொள்ளுங்கள்.